பத்து மீட்டர்தானே என்று இறங்காதே

அன்பு மகனுக்கு,

"பவளத்திட்டில் சிலிண்டர் மாட்டி முங்கப் போகிறேன், பத்து மீட்டர் ஆழம்தான் அம்மா, பயப்பட ஒன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறாய். பயத்தை விடு, கணக்கைப் பார். கடல்மட்டத்தில் அழுத்தம் 1 'பார்' (அழுத்தத்தின் அலகு). 10 மீட்டரில் 2 பார். அது மறுபடி இரட்டிக்க 30 மீட்டர் வரை இறங்க வேண்டும். ஆக, காற்று அதிகமாகச் சுருங்கி விரிவது நீ சொல்லும் அந்தப் பத்து மீட்டருக்குள்தான். அங்கே நிறைய இழுத்த மூச்சு மேலே வரும்போது இரண்டு பங்காகும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறினால் ஒன்றரை மீட்டர் ஆழம்கூட நுரையீரலைக் கிழிக்கப் போதும். எவ்வளவு அவசரமானாலும் மூச்சு ஓடிக்கொண்டே இருக்கட்டும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டரைத் தாண்டக் கூடாது.

ஆழமில்லாத பவளத்திட்டில் பாதிப் பிரச்சினை இடுப்பில் எடைக்காகக் கட்டும் ஈயக்கட்டியில்தான் தொடங்கும். புதியவர்கள் சட்டென்று இறங்கட்டும் என்று இரண்டு கட்டி கூடவே மாட்டிவிடுவார்கள். அந்த எடையைத் தூக்கிப்பிடிக்க பி.சி.டி.யில், அதாவது காற்றடைத்து மிதக்க உதவும் சட்டையில், அதிகக் காற்று அடைக்க வேண்டிவரும். ஒரு மீட்டர் ஏறினால் அந்தக் காற்று விரிந்து உன்னை மேலே இழுக்கும். ஒரு மீட்டர் இறங்கினால் சுருங்கிக் கீழே அமிழ்த்தும். பட்டனை அமுக்குவதும் விடுவதுமாகவே நேரம் போய்விடும். இடுப்பில் எடை, நெஞ்சில் காற்று என்று இருந்தால் கால் தொங்கும், காலில் மாட்டிய துடுப்பு பவளத்தை உடைக்கும். மான்கொம்பு மாதிரி கிளைவிடும் பவளத்தின் வெளிறிய நுனிதான் வளரும் இடம். முதலில் முறிவதும் அதுதான்.

எடையை இப்படிச் சரிபார். முழு உடையோடு, சிலிண்டர் காற்றைத் தரும் ரெகுலேட்டர் வாயில் இருக்க, ஆளை மூடும் ஆழத்தில் நிமிர்ந்து மித. பி.சி.டி. காற்றை முழுதும் வெளியேற்று. சாதாரணமாக மூச்சிழுத்து அசையாமல் இருந்தால் நீர்மட்டம் கண்ணளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். இந்தச் சோதனையைச் சிலிண்டரில் 50 பார் மிச்சமிருக்கும்போது செய்வது உத்தமம். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டரை 200 பாருக்கு நிரப்பினால் உள்ளே இருக்கும் காற்று இரண்டரைக் கிலோவுக்கு மேல் எடை. அது தீரத் தீர நீ லேசாகிக்கொண்டே போவாய். முழுச் சிலிண்டரோடு பார்த்தால் மேலும் 2 கிலோ சேர்த்துக்கொள். நல்ல தண்ணீர்க் குளத்தில் பார்த்த எடை கடலில் போதாது, அதையும் மறக்காதே.

எடை சரியாகிவிட்டால் ஏறுவதையும் இறங்குவதையும் மூச்சே பார்த்துக்கொள்ளும். ஆனால் மூச்சிழுத்தவுடன் உடம்பு ஏறாது, இரண்டு மூன்று நொடி தாமதிக்கும். அதனால் எதிரே பவள மேடு தெரிந்தால் நெருங்குமுன்பே கொஞ்சம் நிறைய இழு. கையைத் துழாவாதே. தவளை உதைப்பதுபோல் காலைப் பக்கவாட்டில் விரித்துத் தள்ளு. மேலும் கீழுமாக அடித்தால் மணல் கிளம்பிப் பவளத்தின் மேல் படியும். 5 மீட்டரைவிடக் குறைந்த ஆழத்தில் அலையின் ஊசல் முன்னும் பின்னும் இழுக்கும். எதிர்த்து நீந்தாதே. பின்னால் இழுக்கும்போது சும்மா இரு, முன்னால் தள்ளும்போது உதை.

இறங்குமுன் ஒரு சின்ன விஷயம், பலர் விட்டுவிடுவது: அழுத்தமானியைப் பார்த்தபடியே ரெகுலேட்டரில் நாலு மூச்சு வேகமாக இழு. ஒவ்வொரு மூச்சுக்கும் முள் சரிந்து திரும்பினால் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. காதையும் நீருக்குள் தலை போனவுடனே கவனி, அரை மீட்டருக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து மெல்ல ஊது. வலித்த பிறகு ஊதினால் மூக்கிலிருந்து காதுக்குப் போகும் குழாய் திறக்காது. ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயற்சி செய். சளி பிடித்திருந்தால் அன்று கடல் வேண்டாம்.

சின்னத் தீவென்றால் காற்று அடிக்காத பக்கத்தில் இறங்கு. நீரோட்டம் தீவின் ஒரு முனையில் பிரிந்து இரு பக்கமும் ஓடும். முனைகளில் வேகம் கூடி, மறுமுனையில் திறந்த கடலுக்குப் போய்விடும். முதல் பாதியை எதிர்நீச்சலாக வை, திரும்பும்போது ஓட்டமே கொண்டுவரும். முனையைச் சுற்றிப் பார்க்கும் ஆசை வேண்டாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஓட்டம் பலமாக இருக்கும். நீர் நன்றாக ஏறி நிற்கும் சமயத்தில்தான் தெளிவு அதிகம். வற்றத் தொடங்கினால் திட்டுக்குள் கிடந்த கலங்கல் வெளியே வரும்.

காற்று எவ்வளவு நேரம் வரும்? மேலே நிமிடத்துக்கு 18 லிட்டர் இழுப்பவன் 10 மீட்டரில் 36 லிட்டர் இழுப்பான். சிலிண்டரில் உள்ள 2200 லிட்டரில் (11 × 200) 50 பார் இருப்புக்கு 550 போனால் 1650. ஏறக்குறைய 45 நிமிடம். 5 மீட்டரில் அதே காற்று ஒரு மணி நேரம். 100 பாரில் திரும்பு. கடைசியில் 5 மீட்டரில் 3 நிமிடம் நில். திட்டின் மேல்பகுதியிலேயே நிற்கலாம். கிளிமீன் பாறையைக் கொறிக்கும் 'கறக் கறக்' சத்தம் கேட்கும். வெண்மணலில் கணிசமான பங்கு அதன் வயிற்றில் அரைபட்டு வந்ததுதான். மேலே வருமுன், நீ இருக்கும் இடத்தைப் படகுக்குக் காட்டும் மிதவைக் குழாயை முதலில் மேலே அனுப்பு. இந்த ஆழத்தில் எனக்குச் சுறாவை விடப் படகின் விசிறிதான் பயம்.

எதையும் தொடாதே என்பதற்குக் காரணம் அழகு மட்டுமல்ல. கூம்பு வடிவச் சங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுக்காதே, அதன் கொடுக்கு ஆளைக் கொல்லும். கல்மீனோ சிங்கமீனோ குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வை. சூட்டைக் காயம்படாத கையால் பார். கல்மீன் என்றால் ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும். முட்டையைக் காக்கும் பெரிய கிளாத்தி துரத்தினால் மேலே ஏறாதே. அதன் எல்லை மேலே போகப் போக விரியும் கூம்பு. துடுப்பை அதன் பக்கம் காட்டியபடி பக்கவாட்டில் விலகு.

வெள்ளையாக நிற்கும் பவளம் எல்லாம் செத்ததல்ல. கோடை உச்சத்தைவிட 1 டிகிரி கூடுதல் சூடு வாரக்கணக்கில் நீடித்தால், உணவு தரும் பாசியைப் பவளம் வெளியேற்றிவிடும். நீர் சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். 2024 ஏப்ரலில் இது நான்காவது உலகளாவிய வெளிறல் என்று அறிவித்தார்கள். அந்த நிலையில் இருப்பதன் மேல் மணலும் படிய வேண்டாம். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட முழுக்கைச் சட்டை போடுவது பவளத்துக்கு நல்லது.

திரும்பி வரும் விமானம் காலை 7 மணிக்கு என்று சொன்னாய். பல நாள் தொடர்ந்து முங்கினால் கடைசி முங்கலுக்கும் விமானத்துக்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரம் வேண்டும். அப்படியானால் முந்தின நாள் மதியம் 1 மணிக்கு முன்பே நீ கரையேறியிருக்க வேண்டும். மாலை முங்கலுக்குப் பணம் கட்டியிருந்தால் இப்போதே பேசி ஒரு நாள் முன்னுக்கு மாற்றிக்கொள்.

அன்புடன்,
அம்மா