ஒரே செட்டுதான் வேண்டுமா?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எங்கள் இருவருக்கும் மூச்சு வந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரத்துக்குப் போட்டுக்கொள், உன் அலட்சியம் எனக்குத் தெரியாததா! இங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. மூட்டுவலி வருகிறது, போகிறது. விஜயா ரிட்டயர் ஆகிவிட்டாள். அதிலிருந்து எனக்குத்தான் வீட்டில் வேலை கூடிவிட்டது.

சரி, தட்டு வழக்குக்கு வருகிறேன். 12 பீங்கான் தட்டில் 7 மிச்சம், அதே டிசைன் எங்கும் இல்லை, எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டிவிட்டுப் புது செட் வாங்கலாம் என்கிறாள் தங்கச்சி, நீ மாட்டேன் என்கிறாய். தீர்ப்பு உன் பக்கம்தான். ஆனால் முழுசாக இல்லை.

முதலில், அதே டிசைனைத் தேடி அலைவதை விடு. கம்பெனிக்காரர்கள் சில வருஷத்துக்கொரு தடவை டிசைனை மாற்றிவிடுகிறார்கள். அப்படியே கிடைத்தாலும், உன் தட்டுகள் இத்தனை காலம் தேய்த்துக் கழுவியதில் மங்கியிருக்கும். புதுசைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்று என்று யாரும் நம்ப மாட்டார்கள்.

ஒட்டாததை ஒட்டியதுபோல் காட்டப் பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். வெள்ளையோடு வெள்ளை சேர்ப்பது சுலபம் என்று நினைக்கிறோமே, அதுதான் இருப்பதிலேயே கஷ்டம். சாதாரணப் பீங்கானின் வெள்ளையில் பெரும்பாலும் லேசான நீலமோ சாம்பலோ ஓடும். போன் சைனா என்கிற பீங்கான் வகை பால்நிறத்துக்குச் சாயும். அதன் கலவையில் கிட்டத்தட்டப் பாதி எலும்புச் சாம்பல். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்தில் ஜோசையா ஸ்போட் அந்தக் கலவையை நிலைப்படுத்தினார். இந்த இரண்டு வெள்ளையையும் ஒரே மேஜையில் வைத்துப் பார், ஒன்று சரியாகக் கழுவாத தட்டுமாதிரி தெரியும். அதனால் உன் ஏழுக்குப் பக்கத்தில் இன்னொரு வெள்ளை வேண்டாம். அடர் நீலம் வாங்கு, இல்லையென்றால் நல்ல கரும்சாம்பல். வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் வேண்டுமென்றே செய்ததாக ஆகிவிடும்.

பூவேலை இல்லாமல் தங்கச்சிக்கு மனசு ஆறாது என்றால் நீல வெள்ளைப் பக்கம் போ. பீங்கான் வேகும் 1,200 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் பல நிறங்கள் கருகிப்போகும், கோபால்ட் நீலம் தாங்கும். அதனால்தான் எந்த ஊர்ப் பீங்கானிலும் அந்த நீலம் இருக்கிறது, ஒன்றோடொன்று பொருந்தவும் செய்கிறது. மரம், பாலம், இரண்டு பறவைகள் போட்ட வில்லோ டிசைனை 1790 வாக்கிலிருந்து எத்தனையோ கம்பெனிகள் செய்திருக்கின்றன. ஒன்று உடைந்தால் இன்னொரு கம்பெனியுடையதை வைத்துச் சமாளிக்கலாம்.

கலந்து வைப்பது ஏழைத்தனம் என்று தங்கச்சி சொன்னால் ஃபியஸ்டா கதையைச் சொல். 1936இல் அமெரிக்காவில் வந்த தட்டு வகை அது. வேறுவேறு நிறங்களை நாமே சேர்த்துக்கொள்ளலாம் என்பதைச் சொல்லித்தான் விற்றார்கள், தனித்தனியாகவும் கிடைத்தது. அதில் சிவப்புக்கு நிறம் கொடுத்தது யுரேனியம் ஆக்சைடு என்பதை மட்டும் சொல்லாதே, வழக்கு கெட்டுவிடும்.

நிறத்தில் தாராளமாக இரு, அளவில் கறாராக இரு. விட்டம், விளிம்பின் சாய்வு, குழி இந்த மூன்றும் பழைய தட்டோடு ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் அடுக்கும்போது ஆடும், ஆடுவதுதான் முதலில் உடையும். ஒரு பழைய தட்டைப் பையில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோ, புதுசின்மேல் வைத்துப் பார். வெட்கப்படாதே. கையோடு தட்டைக் கவிழ்த்து அடி வளையத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார். அந்த இடத்தில் பெரும்பாலும் மெருகு, அதாவது தட்டின்மேல் பூசிச் சுட்ட கண்ணாடிபோன்ற பளபளப்பு, இருக்காது. இருந்தால் மெருகு உருகிச் சூளைப் பலகையோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் துடைத்துவிடுவார்கள். நன்றாகத் தேய்த்துவிட்ட வளையம் வழவழவென்று இருக்கும். சொரசொரவென்று இருந்தால் அடுக்கில் கீழே இருக்கிற தட்டைக் கீறிக்கொண்டே இருக்கும்.

இரண்டு தட்டில் சாம்பல் கோடு விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். அது பெரும்பாலும் கீறலாக இருக்காது. மெருகைவிடக் கரண்டியின் உலோகம் மென்மை, உரசும்போது பென்சில் கோடுபோல் அதன்மேல் படிந்துவிடுகிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்துப் பார், போய்விடும். அதற்காகத் தூக்கிப்போட வேண்டாம். தூக்கிப்போட வேண்டியது, விளிம்பில் சில்லு பெயர்ந்ததும் விரிசல் விட்டதும்தான். விரல் முட்டியால் தட்டினால் நல்ல தட்டு கணீரென்று ஒலிக்கும், விரிசல் விட்டது மொத்தென்று கேட்கும். தங்க விளிம்பு போட்டதை வைத்துக்கொள், மைக்ரோவேவ் பக்கம் மட்டும் கொண்டுபோகாதே, பொறி பறக்கும்.

பேரனுக்கு மெலமைன் பிளாஸ்டிக் தட்டு சரியா என்று கேட்டாய். ஆறின சாப்பாட்டுக்குச் சரி. மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. புளிப்பும் சூடும் சேர்ந்தால் அதிலிருந்து மெலமைன் என்கிற ரசாயனம் சாப்பாட்டில் கசியும். அவனுக்கு எவர்சில்வரே போதும், சத்தம்தான் உங்களுக்குப் பிரச்சினை.

இப்போது தங்கச்சி பக்கத்து நியாயம். புதுசு வேண்டும் என்று ஆசைப்படுவதில் என்ன தப்பு? கிண்ணங்களை அவள் இஷ்டத்துக்கு விட்டுவிடு. தட்டுமாதிரி இல்லை, கிண்ணம் ஒவ்வொன்றும் ஒரு நிறமாக இருந்தாலும் அழகாகத்தான் இருக்கும். டப்பாவில் வருகிற 24 உருப்படி செட்டுக்கு மட்டும் இரண்டு பேரும் போகாதீர்கள். அதில் பாதி, சாஸரும் சின்னத் தட்டுமாக அலமாரியின் மேல்தட்டில் தூங்கும். அடர் நீலத்தில் 6 தட்டு, தனித்தனியாக விற்கிற ரகமாகப் பார்த்து வாங்கு. ஏறக்குறைய 27 சென்டிமீட்டர் போதும். 30 போனால் உன் அலமாரிக் கதவு மூடாது என்று நினைக்கிறேன். உள் ஆழத்தை டேப் வைத்து அளந்து எழுது, பிறகு சொல்கிறேன்.

டாக்டரை மறுபடி எப்போது பார்க்கப் போகிறாய்? அதையும் எழுது.

அன்புடன்,
பாலு