நவம்பர் 19, சர்வதேச ஆண்கள் தினத்துக்குத் துண்டுப்பிரசுரம் அடிக்கக் கொடுத்த தம்பிமாருக்கு

அன்புள்ள தம்பிமாரே,

செவ்வாய்க்கிழமை பின்னேரம் மோட்டார் சைக்கிளை நிப்பாட்டாமலே, "அண்ணை, 500 அடிச்சு வையுங்கோ, வெள்ளிக்கு முதல் வேணும்" என்று ஒரு தாளை நீட்டிவிட்டுப் போனீர்களே, அந்தப் போட்டோக்கொப்பிக் கடைக்காரன்தான் எழுதுகிறேன். அடிக்கத் தந்ததை வாசிக்காமல் இருப்பது எங்கள் தொழிலில் ஒரு மரியாதை. ஆனால் பாதியில் மெசின் தாளைக் கடித்துக்கொண்டு நின்றுவிட்டது, இழுத்து எடுக்கும்போது கண் அதில் போய்விட்டது, பிறகென்ன, கதிரையைப் போட்டு இருந்து முழுக்க வாசித்தேன்.

ஆண்களின் உரிமைக்கு ஒரு சங்கம் தொடங்கப் போகிறீர்களாம். நல்லது, நக்கலாகச் சொல்லவில்லை. ஆனால் உங்கள் நாலாவது கோரிக்கை "498ஏ பிரிவை உடனே நீக்கு" என்கிறது. தம்பிமாரே, அது இந்தியச் சட்டம். மனைவியைக் கணவனோ அவன் வீட்டாரோ கொடுமைப்படுத்தினால் தண்டிக்க 1983இல் அங்கே சேர்த்தது. அதைப் பொய் வழக்குப் போடப் பாவிக்கிறார்கள் என்று அங்குள்ள ஆண்கள் அமைப்புகள் சத்தம் போட்டன, 2014இல் உச்ச நீதிமன்றமும் முறைப்பாடு வந்த கையோடு கைது செய்யக் கூடாது என்று பொலிசுக்குச் சொன்னது. 2024இல் அந்தச் சட்டக்கோவையே மாறி, பிரிவின் எண்ணும் மாறிவிட்டது. எங்கள் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் இல்லாத ஒன்றை நீக்கச் சொல்லி யாரிடம் மனுக் கொடுக்கப் போகிறீர்கள்?

எங்களிடம் இருப்பது 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம். அதில் அடி வாங்கியவர் ஆணா பெண்ணா என்று கேள்வி இல்லை, கணவனும் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இருபது வருசமாக நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருக்கிறேன், அந்த மனுவோடு இரண்டே இரண்டு ஆண்கள் வந்ததைக் கண்டிருக்கிறேன். ஒருவருக்குக் காதடியில் நகம் கீறிய காயம், இன்னும் காயவில்லை. மற்ற ஆட்கள் போகும்வரை கலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "பேரைக் கொஞ்சம் சின்னன் எழுத்திலை அடிக்கேலாதோ அண்ணை?" என்று கேட்டார். சட்டம் அவருக்குக் கதவைத் திறந்துதான் வைத்திருந்தது. "பொம்பிளையிட்டை அடி வாங்கினவன்" என்று சிரிக்கும் எங்களுக்குப் பயந்துதான் அவர் அந்தக் கதவடிக்குப் போகத் தயங்கினார்.

இயக்கத்தின் வரலாறு என்று நீங்கள் எழுதியிருப்பதும் அரைகுறை. பெண்ணியத்தால் பாதிக்கப்பட்ட ஆண்கள் தொடங்கியது என்கிறீர்கள். அப்படியும் சிலர் இருந்தார்கள்தான். லண்டனில் பெல்ஃபோர்ட் பாக்ஸ் என்ற வழக்கறிஞர், அதுவும் சோசலிசவாதி, 1913இலேயே பெண்ணியம் ஒரு மோசடி என்று புத்தகம் போட்டார், 1926இல் வியன்னாவில் ஆண்களின் உரிமைக்கென்றே ஒரு சங்கமும் இருந்தது. ஆனால் இன்றைக்கு நாங்கள் காணும் இயக்கத்தின் வேர் 1970களின் அமெரிக்காவில். வீட்டுவேலை எங்கள் தலையில் மட்டும் ஏன் என்று பெண்கள் கேட்ட நேரம், அப்படியென்றால் உழைத்துப் போடுவதும் யுத்தத்தில் சாவதும் எங்கள் தலையில் மட்டும் ஏன் என்று அங்கே கொஞ்ச ஆண்கள் யோசித்தார்கள். ஆண் விடுதலை என்றுதான் அதற்குப் பேர். பிற்காலத்தில் ஆண் உரிமைக்காரர்களின் குருவாகிவிட்ட வாரன் ஃபாரெல், அப்போது நியூயோர்க்கில் பெண்கள் அமைப்பொன்றின் நிர்வாகக் குழுவில் இருந்தவர்! பிறகு விவாகரத்து, பிள்ளை யாரிடம், தாபரிப்புக் காசு எவ்வளவு என்று வரும்போது கூட்டம் உடைந்தது. ஒரு பகுதி பெண்களோடு நின்றது, மற்றப் பகுதி ஆண்தான் ஒடுக்கப்பட்டவன் என்று திரும்பியது. 2004இல் பேட்மேன் உடுப்போடு பக்கிங்ஹாம் அரண்மனைச் சுவரில் ஏறி நின்றாரே ஒரு தகப்பன், அவருடைய கோரிக்கையும் பிள்ளைகளைப் பார்க்கும் உரிமைதான். எனக்கு அந்த ஆளில் கோபம் வரவில்லை. ஆனால் நீங்கள் எடுத்துக்கொண்டது முழுக்க இரண்டாவது பகுதியின் கோபத்தை, அதுவும் யூடியூப் வழியாக வந்து சேர்ந்ததை.

எங்கள் வீட்டுக் கதை சொல்கிறேன். என் அண்ணா 22 வயதில் ஏஜென்சிக்குக் காசு கட்டி வெளிநாடு போனார். மூன்று தங்கச்சிமாரின் சீதனம். அம்மா ஒரு சி.ஆர். கொப்பியில் வட்டிக்கு வாங்கியது, நகை, வீடு கட்டின சீமெந்து என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தா, கடைசிக் கோடு கீறி முடிக்க 19 வருசம். அண்ணாவுக்குக் கல்யாணம் 41இல். அவருடைய இளமையைத் தின்றது யார்? தங்கச்சிமாரா? எனக்கு வேண்டாம் என்று ஒருத்தி இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். கேட்டு வாங்கியது மாப்பிள்ளை வீடு, அதாவது ஆண்களாகிய நாங்கள். உங்கள் பிரசுரத்தில் சீதனம் என்ற சொல்லே இல்லை, யாழ்ப்பாணத்தில் ஆண்களைப் பற்றி எழுதிய தாளில்!

"சட்டம் முழுக்கப் பெண்கள் பக்கம்" என்ற வரியையும் வெட்டுங்கள். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் சீதனக் காணியை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்று எழுதி வைத்தது 1911ஆம் ஆண்டுச் சட்டம். சட்டம் உண்மையாகவே ஆணைக் கைவிடுகிற இடம் வேறு. எங்கள் சட்டக்கோவையில் பாலியல் வல்லுறவு என்றால் ஆண் பெண்ணுக்குச் செய்வது மட்டும்தான். தடுப்புக்காவலில் இருந்த ஆண்களுக்கும் அது நடந்ததை 2015இல் ஐ.நா. அறிக்கை எழுதியது, ஆனால் இங்கே அதற்கு அந்தப் பேர் கிடையாது. இதை முதலாவது கோரிக்கையாகப் போடுங்கள், நான் முதல் கையெழுத்து வைக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்ட தங்கள் உறவுகள் எங்கே என்று கேட்டுத் தெருவோரம் கொட்டில் போட்டு இருந்தவர்களை உங்களுக்குத் தெரியும். அவர்கள் மடியில் வைத்திருந்த படங்களில் அநேகம் ஆண்கள். மகன், புருசன், தம்பி. இந்த மண்ணில் ஆண்களுக்காக இவ்வளவு காலம் தெருவில் இருந்த வேறு யாரையும் எனக்குத் தெரியாது, அவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கேட்டுக்கேட்டே செத்துப்போன தாய்மாரும் இருக்கிறார்கள். "பெண்களே விழித்துக்கொள்ளுங்கள், உங்கள் ஆட்டம் முடிந்தது" என்ற உங்கள் தலைப்பை அவர்களுக்கு முன்னால் நின்று வாசிக்க முடியுமா?

19ஆம் திகதி நல்ல நாள்தான். டிரினிடாட்டில் ஒரு வரலாற்று ஆசிரியர் 1999இல் ஆண்கள் தினத்துக்கு அந்த நாளைத் தெரிவு செய்ததற்கு ஒரு காரணம், அது அவருடைய அப்பாவின் பிறந்தநாள்.

440 பிரதி அடித்தாயிற்று, மிச்சம் 60ஐ நிறுத்தி வைத்திருக்கிறேன். திருத்திக்கொண்டு வந்தால் அடித்ததன் பின்பக்கத்திலேயே புதிதை அடிக்கலாம், டோனர் காசு மட்டும் தாருங்கள். ஞாயிறு கடை பூட்டு.