சென்னையில் இரவு ஆட்டம் முடிந்து மலைக்குத் திரும்பப் பேருந்து வேண்டி மனு

அனுப்புநர்:
கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த விளையாட்டு ரசிகர்கள்
(பெயர், முகவரி, கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
உதகமண்டலம், நீலகிரி மாவட்டம்.

பொருள்: சென்னை விளையாட்டரங்குகளில் இரவு ஆட்டம் நடக்கும் நாட்களில், ஆட்டம் முடிந்தபின் நீலகிரிக்குக் கட்டணச் சிறப்புப் பேருந்து இயக்கப் பரிந்துரைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

நாங்கள் கோத்தகிரியைச் சுற்றியுள்ள ஹட்டிகளிலும் (படகர் ஊர்கள்) எஸ்டேட் லைன்களிலும் (தொழிலாளர் குடியிருப்புகள்) இருப்பவர்கள். பச்சைத் தேயிலை பறித்து ஃபேக்டரிக்குப் போடுகிறவர்கள், ஆட்டோ ஓட்டுகிறவர்கள், கல்லூரிப் பிள்ளைகள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் இரண்டொருவர் என்று எல்லாரும் கலந்திருக்கிறோம். எங்களில் பாதிப்பேருக்குக் கிரிக்கெட். மீதிப்பேருக்குக் கால்பந்தும் ஹாக்கியும். எந்த ஆட்டமானாலும் பெரிய அரங்கில் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் கீழே இறங்கிச் சென்னைக்குத்தான் போக வேண்டும். கிரிக்கெட்டுக்குச் சேப்பாக்கம், கால்பந்துக்குப் பெரியமேட்டில் நேரு விளையாட்டரங்கம், ஹாக்கிக்கு எழும்பூரில் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கம். மூன்றுமே சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து எட்டும் தூரத்தில் இருப்பது எங்கள் பாக்கியம்.

போவதில் எங்களுக்குச் சிரமமே இல்லை. சாயங்காலம் பஸ் பிடித்து மேட்டுப்பாளையம் இறங்கினால் இரவு 9 மணியை ஒட்டி நீலகிரி எக்ஸ்பிரஸ். விடிந்தால் சென்ட்ரல். டெஸ்ட் மேட்ச் பார்க்கப் போகிறவனுக்காகவே அந்த ரயிலின் நேரத்தைக் குறித்தார்களோ என்று எங்களுக்குத் தோன்றுவதுண்டு. ஆட்டம் காலை 9.30க்குத்தான் தொடங்கும், குளித்து, இட்லி சாப்பிட்டு, நிதானமாக உள்ளே போகலாம். மாலை 5 மணிவாக்கில் ஆட்டம் முடிந்தால் கடற்கரையில் உட்கார்ந்துவிட்டு, அதே ரயிலைப் பிடித்து மறுநாள் காலை வீட்டுக்கு வந்துவிடலாம். 2024 ஜூன் கடைசியில் சேப்பாக்கத்தில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவோடு ஆடிய டெஸ்ட் ஆட்டத்தை எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகள் சிலர் பெற்றோரோடு போய்ப் பார்த்ததும் இப்படித்தான். ஷஃபாலி வர்மா இரட்டைச் சதம் அடித்த ஆட்டம் அது. இந்தியா 603 ரன் குவித்தது. அந்தப் பிள்ளைகள் இன்னும் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆனால் இப்போது பெரும்பாலும் இரவு ஆட்டம்தான். ஐபிஎல் இரவு 7.30க்குத் தொடங்கினால் 11 மணிக்கு மேல்தான் முடியும். பனி இறங்கி, பந்து நனைந்து, கேப்டன்கள் கூடிக்கூடிப் பேச ஆரம்பித்தால் பதினொன்றரை. அதற்குள் நீலகிரி எக்ஸ்பிரஸ் அரக்கோணம் தாண்டியிருக்கும். சென்னையிலிருந்து மேட்டுப்பாளையத்துக்குத் தினமும் வருகிற நேரடி ரயில் அது ஒன்றுதான். கோவை வரை வரும் சேரன் எக்ஸ்பிரஸும் 10 மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். கால்பந்து ஆட்டமென்றால் விசில் ஊதியதும் ஓடி அதைப் பிடித்துவிடலாம், ஓடியிருக்கிறோம். கிரிக்கெட்டுக்கு அதுவும் இல்லை. ஐபிஎல்லில் மாலை 3.30 ஆட்டம் ஒன்று சென்னைக்கு விழுந்தால் எங்கள் பக்கம் அன்று திருவிழா. அது பருவத்துக்கு ஒன்றோ இரண்டோதான்.

ஹாக்கியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2023 ஆகஸ்ட் 12 அன்று எழும்பூரில் ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம் இரவு 8.30க்குத் தொடங்கியது. இடைவேளை வருவதற்குள் எங்கள் ரயில் கிளம்பிவிடும் நேரம். அந்த இடைவேளையில் மலேசியா 3-1 என்று முன்னிலையில் இருந்தது. கடைசியில் இந்தியா 4-3 என்று ஜெயித்தது. குன்னூரை அடுத்த வெலிங்டன் பக்கத்தில் ஹாக்கி பார்த்து வளர்ந்த ஒருவரை அந்த ஆட்டத்தின் நடுவில் எழுந்து ரயிலுக்குப் போ என்று யாராலும் சொல்ல முடியாது. ஆட்டம் முடிந்தபின் அவருக்கு இருப்பது சென்ட்ரல் ஸ்டேஷன் தரைதான். காலை 6 மணியை ஒட்டிக் கோவை எக்ஸ்பிரஸ், மதியம் கோவை, அங்கிருந்து பஸ் மாறி மாறி கோத்தகிரி வந்து சேரும்போது இருட்டத் தொடங்கிவிடும். கூலிக்குப் போகிறவருக்கு ஒரு ஆட்டத்துக்காக மூன்று நாள் போகிறது. லாட்ஜில் தங்கலாமே என்பீர்கள். ஆட்டம் இருக்கும் நாளில் பெரியமேடு, எழும்பூர் பக்கம் வாடகை என்ன என்று விசாரித்தால் மேட்ச் டிக்கெட்டே மலிவு என்று தோன்றும்.

இதனால் இளைஞர்கள் வேன் பேசிக்கொண்டு போகிறார்கள். எங்களுக்கு உண்மையான பயம் இதில்தான். முந்தின இரவு வண்டியைக் கீழே இறக்கிய அதே டிரைவர், ஆட்டம் முடியும்வரை வெக்கையில் வண்டிக்குள் புரண்டுவிட்டு, நள்ளிரவில் மறுபடி ஸ்டீயரிங் பிடிக்கிறார். சேலம் தாண்டியதும் முன்சீட்டில் இருப்பவன் தூங்காமல் அவரோடு பேசிக்கொண்டே வர வேண்டும் என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம். பின்னால் இருப்பவர்கள் தலையைத் தொங்கப்போட்டுத் தூங்க, முன்சீட்டுக்காரன் பேச்சு தீர்ந்து, வழியில் வரும் போர்டுகளை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படித்துக்கொண்டே வருவான். அப்படி வந்து, குஞ்சப்பனைக்கு மேலே வளைவுகளில் பனிமூட்டத்தில் ஏற வேண்டும். யானை நிற்கும் ரோடு அது. இதுவரை எதுவும் நடக்கவில்லை என்பது எங்கள் சாமர்த்தியம் இல்லை.

பெண்பிள்ளைகள் இரவு ஆட்டத்துக்குப் போவதே கிடையாது. பிளாட்ஃபாரத்தில் இரவு கழிக்க எந்த வீட்டில் அனுப்புவார்கள்? வேனில் அனுப்புவார்களா?

ஐயா, அரசு ரசிகர்களுக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அண்மைய ஐபிஎல் பருவங்களில் மேட்ச் டிக்கெட்டைக் காட்டினால் சென்னைக்குள் மாநகரப் பேருந்தில் கட்டணமில்லாமல் போக ஏற்பாடு இருந்தது. ஆட்டம் முடிந்து மெட்ரோ ரயிலும் நேரம் நீட்டித்து ஓடியது. கிண்டிக்காரர் அரைமணியில் வீடு போய்ச் சேர்கிறார், சந்தோஷம். எங்களுக்கு அந்த மெட்ரோ சென்ட்ரல் வரைக்கும்தான். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்குச் சிறப்புப் பேருந்து விடுகிறார்கள். முகூர்த்த நாளுக்கும், சனி ஞாயிறு சேர்ந்து வரும் விடுமுறைக்கும் விடுகிறார்கள். ஏப்ரல், மே சீசனில் சுற்றுலாப் பயணிகளை ஊட்டிக்கு ஏற்றிவரக் கூடுதல் பேருந்துகளும் ஓடுகின்றன. ஐபிஎல் நடப்பதும் அதே ஏப்ரல், மே மாதங்களில்தான். மலை பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிற பேருந்துகளில் ஒன்று, ஆட்டம் பார்த்த மலைக்காரர்களையும் ஏற்றிவரட்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

இலவசமாக வேண்டாம். அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்தின் வழக்கமான கட்டணத்தையே கொடுக்கிறோம். ஆட்டம் முடிந்து கிளாம்பாக்கம் வெளியூர்ப் பேருந்து நிலையம் போய்ப் பேருந்து பிடிப்பது நடக்கிற காரியம் இல்லை; ஊருக்குள்ளிருந்து அது முப்பது கிலோமீட்டருக்குக் குறையாது. அதனால் சென்ட்ரல் அல்லது பல்லவன் சாலைப் பக்கமிருந்து நள்ளிரவு 12.15க்கு ஒரு பேருந்து புறப்பட்டால் போதும். மறுநாள் காலை பத்து, பத்தரைக்கு மேட்டுப்பாளையம் வந்துவிடும். அங்கிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கு அது போகட்டும். கோத்தகிரிக்காரர்கள் மேட்டுப்பாளையத்தில் இறங்கி மாறிக்கொள்வோம். பேருந்து காலியாக ஓடுமோ என்ற கவலையும் வேண்டாம். டிக்கெட் கிடைத்தவர்களின் பட்டியலைத் தாலுகா வாரியாகத் தொகுத்து, ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாகவே முன்பதிவு செய்து பணமும் கட்டிவிடுகிறோம். நாற்பது பேர் சேராவிட்டால் அன்றைக்குப் பேருந்து விட வேண்டாம். நான்கைந்து இருக்கைகளைப் பெண்களுக்கென்று ஒதுக்கி, கூடவே பெண் பயணிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் வீடுகளில் அனுப்புவார்கள் என்பது எங்கள் கணிப்பு.

இன்னொரு சின்ன விஷயமும் உண்டு. பெரிய அரங்குகளில் பையோ தண்ணீர் பாட்டிலோ பவர் பேங்கோ உள்ளே விடுவதில்லை. பாதுகாப்புக்காக என்பதால் அதில் எங்களுக்குக் குறையில்லை. ஆனால் நாங்கள் ஸ்வெட்டர், மஃப்ளரோடு வீட்டைவிட்டுக் கிளம்பி, சென்னை வெயிலில் போய் இறங்குகிறவர்கள். பை இல்லாமல் வர வழியில்லை. ஸ்டேஷன் பொருள் காப்பறையில் பூட்டுப் போடாத பையை வாங்கமாட்டார்கள். ஜிப்பில் ஊக்கு மாட்டியிருக்கும் எங்கள் பைகளுக்கு வாசலில் பூட்டு விற்பவரிடம் பூட்டு வாங்கி, ஊருக்கு வந்து அதைத் தொலைத்து, அடுத்த முறை மறுபடி வாங்குகிறோம். வெளியூர் ரசிகர்களின் பைகளை ஆட்ட நாளில் அரங்கத்துக்கு அருகே டோக்கன் போட்டு வைத்துக்கொள்ள ஓர் இடம் ஒதுக்குமாறு தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்துக்குத் தாங்கள் ஒரு வரி எழுதினால் உதவியாக இருக்கும். அது முடியாவிட்டாலும் பரவாயில்லை, பேருந்துதான் முக்கியம்.

இதைப் பற்றி வேறோர் அலுவலகத்தில் வாய்மொழியாகக் கேட்டபோது, "டிவியில் பார்த்தால் இதைவிட நன்றாகத் தெரியுமே" என்றார்கள். தெரியும்தான். பந்து எங்கே விழுந்தது என்பதை எங்கள் இருக்கையிலிருந்து பார்ப்பதைவிட டிவியில்தான் தெளிவாகத் தெரிகிறது. கல்யாணத்தையும் வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே, ஏன் எல்லாரும் நேரில் போகிறார்கள் என்று நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. ஊட்டி எச்.ஏ.டி.பி. மைதானத்தில் பெரிய திரை வைத்துத் தருகிறோம் என்று ஒருவேளை பதில் வந்தால், அதற்கு முன்கூட்டியே நன்றி. ஆனால் அது இந்த மனுவுக்குப் பதிலாகாது.

ஆகவே, இரவு ஆட்ட நாட்களில் மேற்சொன்ன பேருந்தை இயக்குமாறு அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகத்துக்குப் பரிந்துரைக்கவும், முதல் ஆட்டத்துக்குச் சோதனை முறையிலாவது அனுமதிக்கவும் தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். ஆட்ட அட்டவணை வெளியான வாரமே, எந்தெந்த நாளுக்குப் பேருந்து தேவைப்படும் என்ற பட்டியலைத் தங்கள் அலுவலகத்தில் நேரில் கொடுக்கிறோம். விசாரணைக்கு அழைத்தால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளன்றே வரவும் தயாராக இருக்கிறோம். தேயிலை எடை போடும் நேரம் மட்டும் தவிர்த்துச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழே கையொப்பமிட்டுள்ள கோத்தகிரி வட்ட ரசிகர்கள்

நகல்:
1. மேலாண்மை இயக்குநர், அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகம், சென்னை.
2. மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், உதகமண்டலம்.