தம்பிக்கு, அந்த மத்தியான வகுப்பைப் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை. மாடி வீட்டுக்காரர் வாடகை விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

போனில் "ம்", "சாப்பிட்டேன்", "சரிப்பா" இவற்றைத் தவிர நீ எதுவும் பேசுவதில்லை. காலேஜ் எப்படிப் போகிறது என்று கேட்டால் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்கிறாய். முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு மத்தியானம் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியை நீ நடத்துகிற வகுப்பு, பாதிப் பேர் தூக்கம், மீதிப் பேர் பெஞ்சுக்கு அடியில் மொபைல் என்று அவளிடம் சொன்னாயாம். வேறொன்றும் சொன்னாயாம். அதை நான் கேட்கப்போவதில்லை. வகுப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஐம்பது நிமிஷமும் நீயே பேசாதே தம்பி. எவ்வளவு நன்றாகப் பேசினாலும் அது ஆகாது. அறிவியல், பொறியியல், கணக்குப் பாடங்களில் நடந்த 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. வகுப்பிலேயே ஏதாவது செய்து படித்தவர்களைவிட, வெறுமனே உட்கார்ந்து கேட்டவர்கள் ஃபெயிலாகும் வாய்ப்பு ஒன்றரை மடங்கு அதிகம் என்றார்கள். அதனால் பிள்ளைகள் தூங்குவதை வைத்து உன்னை நீயே எடை போடாதே.

ஹார்வர்டில் எரிக் மாஸுர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1990-களின் தொடக்கத்திலிருந்தே ஒரு வழியைக் கையாண்டார். கம்ப்யூட்டர் பாடத்துக்கு அது அவ்வளவு பொருத்தம். ஃபார் லூப்பில், அதாவது ஒரு வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளையில், ரேஞ்ச் 1, 5 என்று போட்டு எண்களை அச்சிடும்படி பலகையில் எழுது. இதை ஓட்டினால் கடைசியாக எந்த எண் அச்சாகும், 4-ஆ 5-ஆ? யாரும் வாயைத் திறக்கக் கூடாது, நோட்டில் எழுதிவிட்டுக் கை தூக்கட்டும். விடையைச் சொல்லிவிடாதே, இதுதான் முக்கியம். பக்கத்தில் இருப்பவனிடம் உன் விடைதான் சரி என்று வாதாடு என்று இரண்டு நிமிஷம் விட்டுவிடு. சத்தம் வரும், வரட்டும், வராண்டாவில் யார் நின்று பார்த்தாலும் பார்க்கட்டும். மறுபடி கை தூக்கச் சொல்லி, அதன் பிறகு எல்லோர் கண் முன்னாலும் ஓட்டிக் காட்டு. 4-இல் நின்றுவிடுவதைப் பார்த்ததும் 5 என்று எழுதியவன் ஏன் என்று தானே கேட்பான், அப்போது சொல்லு. முதல் தடவையிலேயே பெரும்பாலானவர்கள் சரியாகச் சொன்னால் பேச விடாமல் அடுத்ததற்குப் போய்விடு. சுமாராக 30-லிருந்து 70 சதவீதம் பேர் சரி என்றால்தான் அந்தப் பேச்சுக்குப் பலன்.

தமிழிலேயே வாதாடட்டும். அரசுப் பள்ளியில் தமிழ் மீடியம் படித்துவிட்டு வந்த பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டால் வாய் திறக்க மாட்டார்கள், அதை நாம் கவனமின்மை என்று நினைத்துக்கொள்கிறோம்.

லேபில் இரண்டு பேருக்கு ஒரு சிஸ்டம்தான் என்று நீ குறைப்பட்டதும் தெரியும். அது குறை இல்லை. ஒருவன் தட்டட்டும், மற்றவன் யோசித்துச் சொல்லட்டும், கொஞ்ச நேரத்துக்கு ஒரு முறை இடம் மாற்று. மாற்றாமல் விட்டால் தெரிந்தவனே கடைசிவரை கீபோர்டைப் பிடித்துக்கொள்வான். ரொம்பத் தடுமாறுகிறவர்களுக்கு முழு புரோகிராமை வரிவரியாகக் கத்தரித்துக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல். நியூசிலாந்தில் டேல் பார்சன்ஸும் பட்ரிஷியா ஹேடனும் 2006-இல் எழுதிய வழி அது. வெற்றுத் திரையைப் பார்த்து மிரள்கிற பையனுக்குக் காகிதத்தைப் பார்த்தால் பயம் வராது. ரெகார்டு நோட்டை சீனியரிடம் வாங்கி அப்படியே எழுதுவார்கள்தான், அதற்குத் திட்டிப் பயனில்லை. ஒரு வரியைக் காட்டி, இதை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கேள். சாட்ஜிபிடி எழுதித் தந்ததையும் இப்படித்தான் சோதிக்க முடியும்.

நீ ப்ளஸ் டூ படிக்கும்போது எதிர்வீட்டுப் பையனுக்குப் பின்னக் கணக்கு சொல்லிக்கொடுத்தாயே, நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நீ பேசவே இல்லை. அவன் காகிதத்தில் தப்பாகக் கோடு போட்டபோதுகூட, இதையும் வெட்டி அடுக்கிப் பாரு என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தாய். இத்தனை வருஷம் பாலிடெக்னிக்கில் இருந்த நான், அவ்வளவு பொறுமையாகக் காத்திருந்த வாத்தியார்களை அதிகம் பார்த்ததில்லை. அவன் அம்மா இன்றைக்கும் உன்னைத்தான் விசாரிக்கிறாள். அப்படிப்பட்டவன் எனக்கு இது வராது என்று அம்மாவிடம் சொல்லலாமா? சரி, கேட்கப்போவதில்லை என்றேன், கேட்டுவிட்டேன்.

ஆடி அமாவாசைக்கும் வரவில்லை. அத்தை என்னிடம் கேட்டாள், வேலை என்று சொல்லிவைத்தேன். வரமுடியாவிட்டால் முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

எந்த முடிவு எடுத்தாலும் இந்த செமஸ்டர் முடிந்த பிறகு எடு. அதுவரை ஒரு வகுப்புக்கு ஒரே ஒரு கேள்வி, அது போதும். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றப் போகாதே. நீயே பேசிக்கொண்டிருக்காதே, மறுபடியும் சொல்கிறேன். ராத்திரி உட்கார்ந்து அடுத்த வகுப்புக்கான கேள்வியையும் அதற்குக் கொடுக்கப்போகும் விடைகளையும் எழுதியதும் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. தப்பான விடைகளில் எது பிள்ளைகளை நிஜமாகவே குழப்பும், எது சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா