முன்னால் நின்று ஒரு கொடியை ஆட்டினால் போதாதா?

மதுரை, எல்லிஸ் நகர்
ஞாயிறு மாலை

மாப்ளே,

வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டுவலி, அது வழக்கம்தான். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். குரல் பதிவு அனுப்பினால் நீ அதை ரெண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிற ஆள். அதனால்தான் எழுதுகிறேன்.

அக்கா மகள் தேனு இப்போது நூறு மீட்டர் ஓடுகிறாள். காலையில் ஐந்தரைக்கு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் கொண்டுபோய் விடுவது நான்தான். சிரிக்காதே. பட்டாசு வாத்தியார் துரத்தினபோது நீ ஓடினதைவிட வேகமாக ஓடுகிறாள், அவ்வளவுதான் சொல்வேன்.

போன மாதம் ஒரு போட்டி. யார் நடத்தினது என்பதெல்லாம் எதற்கு, விடு. ஓடும்போது விழுந்துவிடும் என்று காது மெஷினைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டாள். விசில் ஊதுகிறவர் பிள்ளைகளுக்குப் பின்னால் நிற்கிறார். "முன்னால் வந்து ஒரு கொடியை ஆட்டுங்க சார்" என்று போய்க் கேட்டேன். "ஒரு பிள்ளைக்காக எல்லாத்தையும் மாத்த முடியுமா?" என்றார். தேனு பக்கத்து லேன் பிள்ளையின் கையையே கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு குனிந்திருந்தாள். அந்த விரல்கள் தரையை விட்டு எழுந்த பிறகுதான் இவள் எழுந்தாள். கடைசியில் ரெண்டு பேரைத் தாண்டியும் நாலாவது இடம்தான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே ஏதாவது பேசியிருப்பேன். அக்கா சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அன்று ராத்திரி தூக்கம் வராமல் இதைப் பற்றித் தேடிப் படித்தேன். மாப்ளே, மாற்றுத்திறனாளிகளின் பன்னாட்டுப் போட்டிகளுக்கெல்லாம் பாராலிம்பிக்தான் ஆரம்பம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது 1948இல் இங்கிலாந்தில், ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் குட்மன் என்ற டாக்டர் 16 பேரை வைத்து நடத்திய வில்வித்தைப் போட்டியில் முளைத்தது. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அதே நாள். 1960இல் ரோமில் 400 பேர், 2024இல் பாரிசில் நாலாயிரத்துக்கு மேல். ஆனால் அதற்கெல்லாம் முன்பே, 1924இல், ஒலிம்பிக் முடிந்த சில வாரங்களில் அதே பாரிசில், காது கேளாதவர்கள் தாங்களே ஒரு பன்னாட்டுப் போட்டி நடத்திவிட்டார்கள். ஒன்பது நாடுகள், 148 பேர். முன்னால் நின்று நடத்திய ரூபென்ஸ்-அல்கேவுக்கும் காது கேட்காது. எந்த டாக்டரும் வந்து கைதூக்கி விடவில்லை!

அதுதான் இன்றைய டெஃப்லிம்பிக்ஸ். பாராலிம்பிக்கில் காது கேளாதவர்களுக்கென்று பிரிவே கிடையாது, இது முழுக்கத் தனி. 2025 நவம்பரில் டோக்கியோவில் நடந்ததே, உன் கண்ணில் ஒரு செய்தியாவது பட்டதா? மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிசில் வெண்கலம் வாங்கியது உன் பையனுக்குக்கூடத் தெரியும். தெரியத்தான் வேண்டும். ஆனால் நம்ம மதுரைப் பிள்ளை ஜெர்லின் அனிகா 2022இல் பிரேசிலில் நடந்த டெஃப்லிம்பிக்ஸில் பாட்மின்டனில் மூன்று தங்கம் வாங்கினாள். மூன்று! அர்ஜுனா விருதும் வாங்கிவிட்டாள். மாட்டுத்தாவணியில் நின்று பத்துப் பேரைக் கேட்டுப் பார், ஒருத்தர் சொன்னால் அதிகம்.

டெஃப்லிம்பிக்ஸ் களத்தில் யாரும் காது மெஷின் போடக் கூடாது. கொஞ்சம் கேட்கிறவர், துளியும் கேட்காதவர் எல்லோரும் ஒன்று. ஓட்டத்தில் ஒவ்வொருவர் எதிரிலும் தரையில் ஒரு விளக்கு. அது நிறம் மாறினதும் பாய வேண்டியதுதான். வீடியோவைத் தேனுவிடம் காட்டினேன். யார் ஜெயித்தார்கள் என்று அவள் பார்க்கவே இல்லை. விளக்கு எரிகிற இடத்துக்கே திரும்பத் திரும்பத் தள்ளிப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, இதை ஏன் இங்கே வைக்கவில்லை என்று கையால் கேட்டாள். என்னத்தைச் சொல்ல?

அக்காவுக்கு வேறு கவலை. தனிப் போட்டிக்கே அனுப்பினால் பிள்ளை ஒதுங்கிப் போய்விடுவாளோ, ஸ்கூல் போட்டியிலேயே விட்டால் ஒவ்வொரு தடவையும் பின்னால் நின்று விசில் ஊதுவார்களோ என்று. ரெண்டிலும் ஓடட்டும் என்பது என் கட்சி. நீ என்ன நினைக்கிறாய்? மழுப்பாமல் எழுது.

இன்னொன்று. பட்டன் அமுக்கினால் சிவப்பு போய்ப் பச்சை எரிகிற மாதிரி, பேட்டரியில் ஓடும் விளக்கு ஒன்று உன்னால் செய்ய முடியுமா? ஆண்டு விழாவில் ஸ்கூல் முழுக்க ஃபியூஸ் போக்கின ஆளிடம் கேட்கிறேன், என் நேரம். இருந்தாலும் உன்னைவிட்டால் ஆள் இல்லை. அடுத்த போட்டிக்கு நானே எடுத்துப்போய் விசில் ஊதுகிறவர் கையில் கொடுக்கிறேன், என்ன சொல்கிறார் பார்ப்போம். வயர் நீளமாக இருக்கட்டும். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் கொண்டுவந்து சேர். கறிதோசை என் செலவு, ஆனால் பழைய பாக்கியில் கழிக்க மாட்டேன்.

உன்,
சேகர்