வெடிமருந்து கலக்கும் அறையை உடனே நிறுத்தி வைக்க வேண்டி மனு

அனுப்புநர்:
பட்டாசு ஆலைத் தொழிலாளர்கள் 14 பேர் (பெயர், கையெழுத்து, ஆலையின் விவரம் தனித்தாளில்),
சிவகாசி வட்டம், விருதுநகர் மாவட்டம்.

பெறுநர்:
இணை இயக்குநர் அவர்கள்,
தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம், சிவகாசி.

பொருள்: உயிருக்கு உடனடி ஆபத்து உள்ள மருந்து கலவை அறையைப் பார்வையிட்டுத் தடை உத்தரவு போட வேண்டுவது.

ஐயா, வணக்கம்.

எங்கள் ஆலையில் மருந்து கலக்கிற அறையின் கூரை ஓடு உடைந்து மூன்று வாரம் ஆகிறது. மழை பெய்தால் தண்ணீர் நேராக உள்ளே சொட்டுகிறது. அலுமினிய பவுடர் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் யாரும் தொடாமலே சூடேறும் என்பது இந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியிருந்தும் தீபாவளி ஆர்டரை முடிக்கும் அவசரத்தில், சாயங்காலம் மிஞ்சுகிற கலவையை அழிக்காமல் அதே அறையில் மூடி வைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுத்துப் பட்டாசுக்குள் செலுத்தச் சொல்கிறார்கள். அறைக்கு 4 பேர்தான் இருக்க வேண்டும், 9 பேர் உட்கார்ந்திருக்கிறோம். இடம் போதாதவர்கள் வேப்பமரத்தடியில் வேலை பார்க்கிறார்கள்.

போன வியாழக்கிழமை போர்மேனிடமும் மேனேஜரிடமும் சொன்னோம். பயமாக இருந்தால் வீட்டில் இருங்கள் என்றார்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிற நாங்கள் எத்தனை நாள் வீட்டில் இருக்க முடியும்?

1984 போபால் விஷவாயு சாவுகளுக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 41எச் என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உடனடி ஆபத்து வரும் என்று நியாயமான பயம் இருந்தால் தொழிலாளி அதை நிர்வாகத்திடம் சொல்லலாம், அதே நேரத்தில் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் தெரிவிக்கலாம். நிர்வாகம் ஒன்று உடனே சரிசெய்ய வேண்டும், இல்லை ஆபத்து இல்லை என்று நினைத்தால் விஷயத்தை ஆய்வாளருக்கு அனுப்பிவிட வேண்டும், அதன் மேல் அவர் சொல்வதே முடிவு. பழைய சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இந்த உரிமை இருக்கிறது. எங்கள் நிர்வாகம் இரண்டில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை, அதனால்தான் நாங்களே எழுதுகிறோம்.

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை வெடித்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். எங்களில் இரண்டு பேர் அன்று புகை பார்த்து ஓடிப்போய் உடல்களைத் தூக்கியவர்கள். வெடித்த பிறகு வருகிற நிவாரணக் காசோலை எங்களுக்கு வேண்டாம் ஐயா, வெடிக்கும் முன்னால் நீங்கள் வர வேண்டும்.

நாங்கள் கேட்பது இதுதான். கூரையைச் சரிசெய்து, மிஞ்சிய கலவையை முறைப்படி அழிக்கும் வரை அந்த அறையில் யாரும் வேலை செய்யக் கூடாது என்று எழுத்து மூலம் உத்தரவு போடுங்கள். ஆலை முழுவதையும் மூடச் சொல்லவில்லை, அந்த அறை மட்டும். அது நிற்கிற நாட்களுக்கு அங்கே வேலை பார்த்தவர்களுக்கு வேறு வேலையோ கூலியோ கிடைக்க வழி செய்யுங்கள், இல்லாவிட்டால் பசிக்குப் பயந்து அவர்களே திரும்ப உள்ளே போய்விடுவார்கள். அப்புறம், எங்கள் பெயர் நிர்வாகத்துக்குப் போகக் கூடாது. புகார் கொடுத்தவர் என்று தெரிந்தால் சுற்றுவட்டாரத்தில் எந்த ஆலையிலும் சேர்க்க மாட்டார்கள்.

வருவதாக முன்கூட்டியே போன் செய்யாதீர்கள். ஜீப் தார்ரோட்டில் திரும்புவதற்குள் மரத்தடி ஆட்களைப் பின்கேட் வழியாக அனுப்பிவிடுவார்கள். இரவில் வைத்த மருந்தைக் காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள், அதற்கு முன்னால் வாருங்கள்.

இப்படிக்கு,
தொழிலாளர்கள் 14 பேர்