கிராபிக்ஸ் அட்டை விளம்பரங்களில் முழு விவரம் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பாவித்த கணனிகளுக்கான சிறு விளம்பரங்களில் "4 ஜிபி கிராபிக்ஸ் அட்டையுடன்" என்ற வரியைத் தாங்களும் கண்டிருப்பீர்கள். மலையகத்தின் பல நகரங்களில் கடைக்காரரும் வாங்குபவரும் திரையில் படங்களை வரையும் பாகமான கிராபிக்ஸ் அட்டையின் தரத்தை, அதன் நினைவகத்தின் கொள்ளளவைச் சொல்லும் இந்த ஜிபி எண்ணைக் கொண்டே அளக்கின்றனர். தோட்டப் பாடசாலையொன்றில் பல ஆண்டுகளாகத் தகவல் தொழில்நுட்பம் கற்பிப்பவன் என்ற முறையில், இந்த ஓர் எண்ணை நம்பிப் பணத்தைப் பறிகொடுக்கும் குடும்பங்களைக் கண்டு மனம் பொறுக்காமல் இதனை எழுதுகிறேன்.

என்னிடம் படித்த மாணவன் ஒருவனுக்கு முப்பரிமாண வரைகலையில் மிகுந்த ஆர்வம். அவனுடைய தாயார் கொழுந்து பறித்த சம்பளத்தில் சீட்டுக் கட்டி, அந்தப் பணத்தில் நகரத்துக் கடையொன்றில் அவனுக்கு ஒரு கணனி வாங்கிக் கொடுத்தார். முப்பரிமாண உருவங்களை அமைக்கும் பிளெண்டர் மென்பொருளில் ஒரு சிறிய உருவத்தைத் திருப்பினாலே திரை திக்கித் திக்கி நகர்கிறது என்று அவன் சொன்னதால், ஒரு மாலை அவர்களுடைய லயத்துக்குச் சென்றேன். தந்தையார் கைப்பேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே இருந்தது என்விடியா நிறுவனத்தின் ஜிடி 730 அட்டை. அட்டையின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்ததும் விடயம் விளங்கிவிட்டது: நினைவகம் 4 ஜிபி, வகை மெதுவான டிடிஆர்3, பஸ் அகலம் (நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையிலான பாதையின் அகலம்) 64 பிட், தரவு வேகம் நொடிக்கு 14.4 ஜிபி.

இந்தக் கடைசி எண்ணைத்தான் எவரும் கேட்பதில்லை. நினைவகத்தின் வேகத்தைப் பஸ் அகலத்தால் பெருக்கி எட்டால் வகுத்தால் இது கிடைக்கும். கொழுந்து நிறுக்கும் மடுவம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அங்கிருந்து தொழிற்சாலைக்குப் போவது ஒற்றையடிப் பாதை என்றால் கொழுந்து மடுவத்திலேயே வாடிக் கிடக்கும். நினைவகத்தின் கதையும் அதுதான். 2014 பெப்ரவரியில், அதாவது ஜிடி 730 வெளிவருவதற்குச் சில மாதங்களுக்கு முன்னரே வந்த ஜிடிஎக்ஸ் 750 டிஐ அட்டையில் பெரும்பாலும் 2 ஜிபி நினைவகமே உண்டு. ஆனால் அது ஜிடிடிஆர்5 என்ற வேகமான வகை, பஸ் அகலம் 128 பிட், தரவு வேகம் நொடிக்கு 86.4 ஜிபி. கணக்கீடு செய்யும் கோர்களின் எண்ணிக்கையும் 384க்குப் பதிலாக 640. பாதி நினைவகம் கொண்ட அந்த அட்டை ஆறு மடங்கு வேகமான பாதையைக் கொண்டிருக்கிறது என்பதை அந்தத் தாயாரிடம் எவரும் சொல்லவில்லை.

பெயரைக் கேட்டு வாங்கினால் போதும் என்றும் இருந்துவிட முடியாது. ஜிடி 730 என்ற ஒரே பெயரில் 96 கோர் கொண்ட பழைய ஃபெர்மி தலைமுறைச் சிப்பும் 384 கோர் கொண்ட, அதற்குப் பின் வந்த கெப்ளர் தலைமுறைச் சிப்பும் விற்கப்பட்டன; கெப்ளரிலும் டிடிஆர்3, ஜிடிடிஆர்5 என இரு வகைகள் உண்டு. ஜிடி 1030 இதைவிட மோசம். 2017இல் ஜிடிடிஆர்5 நினைவகத்தோடு நொடிக்கு 48 ஜிபி வேகத்தில் வந்த அந்த அட்டை, மறு ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு 16.8 ஜிபியாகச் சுருங்கி வந்தது. ஏஎம்டி நிறுவனத்தின் ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்கப்படுவதில் 2304 கோர் கொண்டதும் உண்டு, 2048 கோர் கொண்டதும் உண்டு.

அதேவேளை, எண் பெரிதாக இருப்பதால் அட்டை சிறந்தது என்று முடிவுகட்டுவதும் பிழை. தலைமுறை மாறும்போது எண்ணின் பொருளே மாறிவிடுகிறது. 2018இல் வந்த ஆர்டிஎக்ஸ் 2080 டிஐக்கு 4352 கோர், 2020இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3070க்கு 5888 கோர். ஆயினும் விளையாட்டுகளில் இரண்டும் ஏறத்தாழச் சமமாகவே ஓடுகின்றன. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060க்கு 12 ஜிபி நினைவகமும் 192 பிட் பஸ்ஸும் 3584 கோர்களும் உள்ளன. 2023இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060க்கு 8 ஜிபி, 128 பிட், 3072 கோர் மட்டுமே. காகிதத்தில் பின்னடைவாகத் தெரியும் இந்தப் புதிய அட்டை, கூடிய கடிகார வேகத்தாலும் அடிக்கடி தேவைப்படும் தரவைச் சிப்பினுள்ளேயே வைத்திருக்கும் கேச் நினைவகம் பல மடங்கு பெருத்திருப்பதாலும் பெரும்பாலான விளையாட்டுகளில் முந்துகிறது. மின்தேவையும் 170 வாட்டிலிருந்து 115 வாட்டாகக் குறைந்துள்ளது. பெரிய முப்பரிமாணக் காட்சிகளைக் கையாளும் ஒருவருக்கோ பழைய அட்டையின் 12 ஜிபியே இன்றும் கைகொடுக்கும். எந்த வேலைக்கு என்று கேட்காமல் எந்த அட்டை நல்லது என்று எவராலும் சொல்ல முடியாது.

நம் பகுதிக்கு வரும் பாவித்த கணனிகளில் அநேகமானவை அலுவலகங்களிலிருந்து கழிக்கப்பட்டவை. அவற்றின் மின்வழங்கி சிறியது; கிராபிக்ஸ் அட்டைக்கான தனி இணைப்பு வயர் பலவற்றில் கிடையாது. தாய்ப்பலகையின் ஸ்லொட் தரக்கூடியது 75 வாட் மட்டுமே. ஆகவே 75 வாட் தேவைப்படும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐயின் பல மாதிரிகள் அவற்றில் ஓடும்; 120 வாட் கேட்கும் ஜிடிஎக்ஸ் 1060ஐப் பொருத்த வழியில்லை. 2022இல் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி புதியது என்று ஆசைப்பட்டு வாங்குவோர், அதற்கும் தனி மின் இணைப்பு வேண்டும் என்பதையும், அது தாய்ப்பலகையோடு தரவு பரிமாறும் பிசிஐ பாதைகளில் நான்கை மட்டும் பயன்படுத்துவதால் பழைய தாய்ப்பலகைகளில் வேகம் குன்றும் என்பதையும், அதில் வீடியோவைச் சுருக்கிப் பதியும் என்கோடர் இல்லை என்பதையும் அறிந்திருக்க வேண்டும். திருமண வீடியோ தொகுத்துப் பிழைக்கும் நம் இளைஞர்களுக்கு இந்தக் கடைசிக் குறை பெரிய குறை.

ஆண்டையும் பார்க்க வேண்டும். கெப்ளர் அட்டைகளை இயக்கும் மென்பொருளான ட்ரைவர்களின் புதிய பதிப்புகளை என்விடியா 2021இல் நிறுத்தியது. நான் மேலே பாராட்டிய 750 டிஐயும் 1050 டிஐயும் அடங்கிய மெக்ஸ்வெல், பாஸ்கல் தலைமுறைகளுக்கு 2025 ஒக்டோபரோடு அது முடிந்து, 2028 ஒக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டுமே என்று அறிவிக்கப்பட்டுள்ளது. அவை இன்னும் வேலை செய்யும். ஆனால் விலையில் அது தெரிய வேண்டும்.

என் மாணவனின் அட்டையை மாற்றித் தரக் கடைக்காரர் மறுத்துவிட்டார். பற்றுச்சீட்டில் "4 ஜிபி கிராபிக்ஸ்" என்று எழுதியிருந்தது, அட்டையிலும் 4 ஜிபி இருந்தது. வாதாட எங்களிடம் வேறெதுவும் இருக்கவில்லை.

ஆகவே தங்களிடம் ஒரு வேண்டுகோள். கணனி விளம்பரங்களை ஏற்கும்போது அட்டையின் முழுப் பெயர், நினைவகத்தின் வகை, பஸ் அகலம் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கிப் பிரசுரிக்க வேண்டுகிறேன். ஒரு வரிக்குள் அடங்கிவிடும் விவரங்கள்தாம் இவை. விற்பனையாளர்களும் அவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதி, பணம் பெறுவதற்கு முன்னர் வாங்குபவரின் கண்முன் ஜிபியு-இசட் மென்பொருளைத் திறந்து காட்ட வேண்டும். பழைய சிப்பின் பெயரை மாற்றி விற்கப்படும் பல போலி அட்டைகளையும் அதுவே இனங்காட்டிவிடும்.

இப்படிக்கு,
தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் ஒருவர்,
தலவாக்கலை.